எடைக்குத் தக்க கம்பி

ஹென்றி பல்தானோ தன் மனைவி எமரன்சியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி அவளை ஒற்றை ஆளாகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மறு கையால் படுக்கை விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். எமரன்சி ஆயாவின் தோளுக்கு மேலே தலையை நிமிர்த்தி, "கிட்டாருக்குக் கம்பி மாத்தினியளா?" என்று கேட்டாள்.

"மாத்தணும்."

"பன்னிரண்டு போடுங்க. அந்தப் பட்டினிக் கம்பியப் போட்டுக்கிட்டு மேடையில போய் நிக்காதீய. பாடுதவளுக்குப் பின்னால சதையோட ஒரு சத்தம் வேணும்."

அவள் இனி மேடை ஏறப்போவதில்லை என்பது ஹென்றிக்கும் தெரியும், ஆயாவுக்கும் தெரியும். ஹென்றி தலையை ஆட்டிவிட்டு, அவளைத் தூக்கியிருந்த அந்த ஒற்றைக் கையைப் பார்க்க முடியாமல், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். திரும்பி வந்தபோது விரிப்பு புதிதாக இருந்தது. அதன்மேல் எமரன்சி இறந்து கிடந்தாள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் காப்பி குடித்துக் கலைந்த பிறகு, ஹென்றி சட்டையைக் கழற்றிக்கொண்டே கட்டிலைப் பார்த்தார். நாடாக் கட்டில். சுவரோரம் எமரன்சி படுக்கிற பக்கத்தில் நாடா பள்ளமாக இறங்கியிருந்தது. கையை வைத்துத் துழாவினார், வெறும் காற்று. நாடாவைச் சுண்டினார், ஆள் படுத்திருந்தால் எப்படி இறுகி இருக்குமோ அப்படி இறுகி இருந்தது. ஆள் போய்விட்டாள், அவளுடைய எடை போகவில்லை. ஹென்றி அவளுக்கு இடைஞ்சல் இல்லாமல் தன் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எதிர்வீட்டுப் பிரகாசி, இட்லியைக் கொடுக்க வந்தவள், நாடாவை அமுக்கிப் பார்த்து, "எமரன்சி மைனிதான். சத்தங்காட்டாமக் கெடக்காவ பாருங்க, வாழ்நாள்ல இன்னைக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக் கடையைத் திறக்கப் போனாள். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய அந்தத் தெரு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கடல் கொண்டுபோனதையும் கொண்டுபோனதைத் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்த தெரு அது, போன ஒருத்தியின் எடை மட்டும் பின்தங்கிவிட்டது என்றால் அதற்கு ஏதாவது வேலை மிச்சம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டது. ஹென்றி சைக்கிளில் போனால் எடை பின்னால் கேரியரில் ஏறிக்கொண்டது, சைக்கிள் கடைக்காரர் பின்சக்கரத்துக்கு மட்டும் இரண்டு இழுப்பு கூடுதலாகக் காற்று அடித்துக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அக்காவும் வருதாவளா? சரிஞ்சி உக்காரச் சொல்லுங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கு" என்றார். கோயிலில் அது பெண்கள் பக்கம் போய்க் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது. பூசை முடிந்து மற்றவர்கள் எழுந்ததும் பெஞ்சின் மறுமுனை மேலே எழும்பி, அங்கே வைத்திருந்த செபப்புத்தகங்கள் சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தன. அதிலிருந்து உபதேசியார், நடுவிலிருந்து ஆரம்பித்து உட்காரச் சொல்லி அறிவித்தார். செபமாலை முடிந்தும் சில பெண்கள் அந்த ஓரத்தில் நகர்ந்து உட்கார்ந்து, புருஷனைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் காற்றிடம் மெல்லச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். எமரன்சி இருந்தவரைக்கும் அவளிடம் எதைச் சொன்னாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும். இப்போது அந்தப் பயம் இல்லை.

பிரகாசிதான் துணிந்து கேட்டாள். "அண்ணே, காத்து பேயா அடிக்கி. நெத்திலி காயப்போட்ட தார்ப்பாய் பறந்து பறந்து போகுது. மைனிய ஒரு அரைநாள் வந்து ஓரத்துல உக்காரச் சொல்லுங்களேன்."

"கல்லு வைக்க வேண்டியதுதான?"

"கல்லு பேச்சுத்துணைக்கு ஆகுமா?"

ஹென்றி கருவாட்டுக் களத்துக்குப் போய் நின்றார், எடையும் கூடவே வந்து தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தது. அன்று தார்ப்பாய் அசையவில்லை. அதன்பிறகு காற்று கூடுகிற நாளெல்லாம் பிரகாசி கூப்பிடுவது வழக்கமானது.

கிட்டார் விஷயம் அந்த வாரம்தான் தெரிந்தது. ஹென்றியிடம் இரண்டு கிட்டார்கள். மின்சாரம் வேண்டாத பழைய அக்கூஸ்டிக் ஒன்று, எமரன்சிக்குப் பிடித்தது. சிவப்பு எலக்ட்ரிக் ஒன்று, மெல்லிசைக் குழுவோடு மேடைக்குப் போவது, அவள் ஏசுவது. ஒரு காலையில் கண்விழித்தால் சுவரோரத்து நாடா பள்ளமில்லாமல் சமமாக இருந்தது. பதறி எழுந்தவர், மாதக்கணக்கில் முறுக்குத் தளர்ந்து கட்டில் காலில் சாய்ந்து கிடந்த அக்கூஸ்டிக்கில் ஆறு கம்பியும் தாமாகவே இறுகிச் சுருதியோடு நிற்பதைக் கண்டார். தூக்கிப் பார்த்தார். ஒரு ஆளைத் தூக்குகிற கனம். மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை மேலிருந்து கீழே வருடினார். கட்டைவிரலில் எமரன்சியின் குரலுக்குக் கீழே ஓடுகிற அந்தப் பழைய முழக்கம் வந்தது. இரண்டாம் தடவை வருடுவதற்குள் மூன்றாம் கம்பி 'டப்'பென்று அறுந்தது. மடியிலிருந்து கனம் இறங்கிப்போய், கட்டில் நாடா மறுபடி பள்ளமானது.

எடைக்கு உட்கார ஒரு இழுப்பு வேண்டும் என்று ஹென்றிக்கு அப்போது புரிந்தது.

கிட்டார்க் கம்பியைக் கனத்தை வைத்துத்தான் சொல்வார்கள். செட்டில் இருப்பதிலேயே மெல்லிய கம்பியின் கனம் எதுவோ, அதுதான் செட்டின் பேர்: ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. ஒன்பது தலைமுடி மாதிரி, விரலுக்குச் சுகம், எலக்ட்ரிக்கில் போடுவார்கள், சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் பெட்டி பார்த்துக்கொள்ளும். அக்கூஸ்டிக்குக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது, பலகையே அதிர்ந்தாக வேண்டும், அதற்குப் பன்னிரண்டு வேண்டும், விரல்நுனி காய்த்துப்போகும். கம்பி தடிக்கத் தடிக்க அதே சுருதிக்கு இழுக்கிற இழுப்பும் கூடும். ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது ஒரு ஆளின் எடை. எலக்ட்ரிக்கில் ஒன்பது செட் போட்டால் நோயில் கிடந்து எழுந்த ஒரு பெண், பத்து போட்டால் ஒல்லியான பெண், அக்கூஸ்டிக்கில் பன்னிரண்டு போட்டால் வேளை தவறாமல் சாப்பிட்டு, மேடையில் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு நின்று, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் பாடுகிற எமரன்சி.

ஹென்றிக்கு வேண்டியது அந்த எமரன்சி. கம்பி அறுந்தது எதனால்? அவள் கனம் தாங்காமல்தான். ஆகவே இன்னும் தடித்த கம்பி வேண்டும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

கடைவீதியில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜெபராஜ் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்பதாம் நம்பர் செட்டுகளாக எடுத்து அடுக்கினான்.

"பன்னிரண்டு கேட்டேன் தம்பி. அக்கூஸ்டிக்குக்கு."

"இப்ப யாரு சார் அதெல்லாம் வாங்குதா? படிக்கிற பையனுவ எல்லாம் எலக்ட்ரிக்தான். ஒன்பது நெறைய இருக்கு, பத்து இருக்கு. உங்களுக்கும் வயசாகுது, விரல் வலிக்கும்லா."

"என் விரல விடு. பன்னிரண்டு இருக்கா இல்லையா?"

உள்ளே தேடி, மேல்தட்டில் ஒன்று அகப்பட்டது. வீட்டில் வந்து பிரித்தால் உப்புக்காற்று உறைக்குள்ளேயே புகுந்து கம்பி பழுப்பேறி இருந்தது. திரும்பக் கொண்டுபோனார். மெட்ராஸிலிருந்து வரவழைப்பதாக ஜெபராஜ் சொன்னான். வந்த பார்சலில் எலக்ட்ரிக் பதினொன்று இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த பார்சல் வழியில் எங்கோ படுத்துக்கொண்டது. ஹென்றி தினமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார், கேரியரில் எடையும் வந்தது. கடைக்காரன் இல்லை என்று தலையை ஆட்டுவதை இருவருமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஒருவழியாகப் பன்னிரண்டு வந்தது. ஹென்றி ஆணியிலிருந்து எண்ணெய்த்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்து, ஒவ்வொரு கம்பியாக மாட்டி, முறுக்கிச் சுருதி சேர்த்தார். எடை வந்து உட்கார்ந்தது. நாடா நிமிர்ந்தது. ஹென்றி குமிழிலிருந்து கையை எடுப்பதற்குள், பெரிய செருப்புக்குள்ளிருந்து சின்னக் கால் நழுவுவதுபோல, ஆறு கம்பியிலிருந்தும் எடை வழுக்கிக் கட்டிலுக்குப் போய்விட்டது. கம்பிகள் தொய்ந்தன. மறுபடி முறுக்கினார், மறுபடி வழுக்கியது. ஒரு கம்பிகூட அறவில்லை. அறாததுதான் சேதி என்பது அவருக்குப் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டும் அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

தெருவுக்குப் பொறுமை போனது. போகிற வருகிறவர்கள் எல்லாம் சன்னலில் நின்று யோசனை சொன்னார்கள். வலைக்காரர் ஒருவர் சுறாவுக்குப் போடுகிற தங்கூசி நரம்பைக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார். உபதேசியார் ஒரு நவநாள் வைக்கச் சொன்னார். பிரகாசி மட்டும் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, எதிர்லதான எங் கடைத் தராசு இருக்கு. மைனிய அதுல ஒரு நிமிசம் உக்கார வச்சா எடை தெரிஞ்சிட்டுப் போகுது. எடைக்குத் தக்க கம்பிய வாங்கிப் போடுங்க. இதுக்குப் போயி ஊர்க் கம்பியெல்லாம் வாங்கிக் கொளப்புதீய."

"என் பொண்டாட்டி என்ன உங்க கடை நெத்திலியா, தராசுல போட?"

"நெத்திலின்னு யாரு சொன்னா? ஆனா ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீய. நேத்துத் தார்ப்பாய் லேசா அசைஞ்சிச்சு. முன்ன அசையல."

"காத்து கூடியிருக்கும்."

"காத்து அதே காத்துதான். அங்ஙன உப்பளத்துல அம்பாரத்துக்கு ஓலை போட ஆரம்பிச்சிட்டானுவ, பாத்தியளா? ஈரக்காத்து பட்டா உப்பு தன்னால கசியும், மழை விழுந்தா அம்பாரமே இருக்காது. மைனியும் கசியுதாவ அண்ணே. மழைக்கு முன்னால எதுலயாவது கட்டிப்போடுங்க."

ஹென்றி சன்னல் கதவைச் சாத்தினார்.

அன்று மத்தியானம் கீபோர்டு வாசிக்கிற கஸ்பார் வந்தார். குழுவில் எமரன்சிக்கும் முந்திச் சேர்ந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து, ஹென்றி சுருதி சேர்ப்பதைக் கொஞ்சநேரம் காதால் கேட்டுவிட்டு, "வே, நீரு இன்னும் அரைக்கட்டை இறக்கியில்லா வச்சிருக்கீரு?" என்றார்.

"இல்லையே."

"இல்லையா? எங்கிட்டயா? அது எமரன்சிக்காக இறக்குனது. அவளுக்கு மேல்ஸ்தாயி எட்டாதுன்னு குழு மொத்தமும் இறங்கிச்சு. இப்ப யாருக்கு வே இறக்குதீரு?"

கஸ்பார் இதமாகத்தான் சொன்னார். ஹென்றியின் கை நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் அரைக்கட்டை கீழேயே வாழ்ந்த கை அது, கம்பியைத் தொட்டால் அங்கேதான் போய் நிற்கும், அதுதான் உலகத்துச் சுருதி என்று நினைத்துக்கொண்டிருந்தது. ஹென்றியின் முகம் மலர்ந்தது.

"அதுதான்! சுருதி இறங்குனா இழுப்பும் இறங்கும்லா? இழுப்பு பத்தாமத்தான் அவ நிக்கல. பதின்மூணு போட்டு, இறக்காம முழுக்கட்டைக்கு ஏத்துதேன் பாரும்."

"ஓய், நான் அதுக்குச் சொல்லல."

"நீரு எதுக்குச் சொன்னா என்ன?"

பதின்மூன்று எங்கேயும் கிடைக்காது என்று ஜெபராஜ் கையை விரித்தான். ஹென்றி நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினார், கண்டக்டர் பக்கத்து இருக்கை அமுங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அரை டிக்கெட் ஒன்று சேர்த்துக் கிழித்தார். "அரை எதுக்கு? முழு ஆளு" என்று ஹென்றி சண்டை பிடித்தார். "சின்னப்பிள்ளைன்னு நினைச்சேன்" என்றார் கண்டக்டர். ஹென்றி முழு டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதின்மூன்று கிடைத்தது. மேகம் கடலின்மேல் கறுத்துக் குவிந்த ஒரு காலையில் அதை அக்கூஸ்டிக்கில் மாட்டி, கஸ்பாரை வரவழைத்துச் சுருதி சொல்லச் சொல்லி, கைக்குப் பழகாத முழுக்கட்டைக்குக் கம்பிகளை ஏற்றினார். இரும்பை முறுக்குவதுபோல் இருந்தது. கழுத்துக்கட்டை வில்லாக வளைய ஆரம்பித்தது.

"நிறுத்தும் வே," என்றார் கஸ்பார். "பலகை முனகுது, கேக்கலையா?"

ஹென்றி கடைசிக் குமிழை இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். கம்பிகளைத் தாங்கி நின்ற பிரிட்ஜ் கட்டை பசைவிட்டு, வயிற்றுப் பலகையில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு எழும்பியது. பதின்மூன்று செட் மொத்தமும் சுருண்டு அவர் முகத்தில் அடித்தது. கட்டில் நாடா இருந்த இடத்திலேயே இருந்தது, எடை இந்தத் தடவை எழுந்துகூட வரவில்லை.

சத்தம் கேட்டுப் பிரகாசி ஓடிவந்தாள். உடைந்ததைப் பார்த்தாள், கன்னத்தில் ரத்தக்கோடோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் அண்ணே என்ற மரியாதையையும் மீறிக் கத்தினாள்.

"உமக்குப் புத்தி எங்க போச்சு? சாளை மீனுக்கு யாராவது சுறா நரம்பு போடுவாவளா?"

"முதல் நாளு கம்பி அறுந்துச்சே! கனம் தாங்காம அறுந்துச்சே!"

"துருவுல அறுந்துச்சு! இந்த ஊர்ல எது அறாம இருக்கு? எங்க வீட்டுக் கிணத்துச் சங்கிலி அறுந்துச்சு, கொடிக்கம்பி அறுந்துச்சு, கோயில் மணிக்கயித்துக் கொக்கி அறுந்துச்சு. எல்லாத்துலயும் எமரன்சி மைனியா போய் உக்காந்தாவ? கடைசி மாசம் நான்தான அவியளுக்குத் தலை சீவிவிட்டேன். எம் மடியில இருந்தாவ. எம் மடிக்குத் தெரியும்."

கஸ்பார் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மழை ஓட்டின்மேல் சரளைக்கல்லைக் கொட்டினாற்போல் இறங்கியது. கட்டில் நாடா, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விரற்கடை மேலே ஏறியது.

ஹென்றி குடையில்லாமல் ஓடினார். ஜெபராஜ் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தான்.

"ஒன்பது குடு."

"ஒன்பதா சார்? இது அன்னைக்கே இருந்துச்சே. எடுத்து அடுக்குனேனே."

ஹென்றி அவனைப் பார்த்த பார்வையில் அவன் சட்டென்று எடுத்துக் கொடுத்தான்.

சிவப்பு எலக்ட்ரிக்கை இறக்கி, அதில் துருவேறிக் கிடந்த பழைய கம்பிகளை உருவிப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஒன்பது செட்டை மாட்டினார். கையை அதன் போக்கில் விட்டார், அது தன் பழக்கப்படி அரைக்கட்டை கீழே போய் நின்றது. எடை வந்து உட்கார்ந்தது. வழுக்கியது. அதுவும் பெரிதாகிவிட்டது. வெளியே மழை கூடியது, நாடா இன்னும் கொஞ்சம் ஏறியது. எமரன்சி பட்டினிக் கம்பி என்று ஏசிய அந்தக் கம்பிக்கும் இப்போது அவள் எடை போதவில்லை. முதல் வாரமே போட்டிருந்தால் நின்றிருப்பாள், முழுதாக நின்றிருப்பாள். ஹென்றிக்குக் கிட்டாரைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"எதையாவது பண்ணும் வே," என்றார் கஸ்பார்.

எமரன்சியின் சுருதியைக் கலைக்காமல் இழுப்பைக் குறைக்க ஒரு வழிதான் இருந்தது. ஆறாம் கம்பியைத் தளர்த்தி உருவினார். அது மேடையில் எமரன்சி காலால் தாளம் போடும்போது பலகை அதிர்கிற அந்த முழக்கம். எடை வந்தது, வழுக்கியது. ஐந்தாம் கம்பியை உருவினார். அது அவள் சோறு போடும்போது, போதும் என்று சொன்ன பிறகும் விழுகிற கடைசிக் கரண்டி. எடை வந்தது, வழுக்கியது. நான்காம் கம்பியை உருவினார், அது தெருமுனையிலேயே கேட்கிற சிரிப்பு. மூன்றாம் கம்பியை உருவினார், அது சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கும்போது கட்டில் போடுகிற சத்தம். பிரகாசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். இரண்டாம் கம்பியில் ஹென்றியின் கை நின்றுவிட்டது.

"எடுங்க அண்ணே," என்றாள் பிரகாசி. "இருக்கிறதும் போயிரும்."

அவர் அதையும் உருவினார். மிச்சமிருந்த முதல் கம்பியைத் தடவி, எமரன்சியின் சுருதிக்கு, அரைக்கட்டை இறக்கத்துக்கே, மெல்ல ஏற்றினார். எடை வந்தது. ஹென்றி காத்திருந்தார். கஸ்பார் காத்திருந்தார். மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. கம்பி தொய்யவில்லை.

கொஞ்சநேரம் கழித்துக் கஸ்பார் கிட்டாரைக் கையில் வாங்கி, ஏந்திப் பார்த்து, பிரகாசியிடம் கொடுத்தார். அவள் ஏந்திப் பார்த்து ஹென்றியிடம் கொடுத்தாள். ஒரு கைக்குழந்தையின் எடை கூடுதலாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் ஹென்றி.

"இவ்வளவாவது நிக்குதே," என்று சொல்லிவிட்டுப் பிரகாசி, நனைகிற கருவாட்டை அள்ள ஓடினாள்.

அதன்பிறகு சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று தேவைப்படவில்லை. தார்ப்பாய்க்குப் பிரகாசி கல் வைத்தாள். கோயில் பெஞ்சில் ஓரத்தில் உட்கார்ந்து பேச வந்தவர்கள், பேசாமல் எழுந்து போனார்கள். குழுவில் புதிதாக ஒரு பெண் பாடுகிறாள், கஸ்பார் எல்லோரையும் முழுக்கட்டைக்கு ஏற்றிவிட்டார். ஹென்றி போகவில்லை.

சிவப்புக் கிட்டார் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. அதில் ஒரு கம்பி இருக்கிறது.